பால்கனிக் கம்பியில் ஒரு நீலப் பை

மாண்ட்ரியலில் கரண்ட் போகப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஐஸ் மழை எப்போது தொடங்கும், எந்தப் பக்கம் அதிகம் விழும், எவ்வளவு பேர் இருட்டில் இருக்க நேரும் என்றெல்லாம் வானொலியில் ஒரு பெண் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்கிறாள். நான் சென்னையில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்களும் அறிவிப்பு கொடுத்துப் பார்த்தவர்கள்தான். ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கரண்ட் போன பிறகு போன் போட்டு நம் பரம்பரையையே விசாரிப்பார்கள். இங்கே சொன்ன மாத்திரத்தில் ஜனங்கள் எழுந்து பேட்டரி வாங்கப் போகிறார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நான் வந்த காரியம் வேறு. என் மகன் கார்த்திக் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கியிருக்கிறான். தை மாதம் பால் காய்ச்ச வேண்டும், அப்பா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். வந்தேன். பால் காய்ச்ச ஒரு வாரம் இருக்கும்போது அவனும் என் மருமகள் ஆரணியும் டொரண்டோவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னைச் செயின்ட்-மிஷேலில் ஆரணியின் அம்மா அப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். சம்பந்தி வீட்டில் தனியாகத் தங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. காலை நீட்டி உட்காருவதற்குக்கூட யோசனையாக இருந்தது.

சம்பந்தி சிவபாலன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிறார். அவர் மனைவி மலர், அதே விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை செய்கிறார். இருவரும் யாழ்ப்பாணம். பாலன் நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு 'ஓம்' ஆக இருக்கும், நம் ஊர் 'ஆமாம்'. மலர் கொஞ்சம் பேசுவார், ஆனால் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வீடு முதல் மாடியில். அதற்கு ஏறும் படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரும்புப் படி, அதுவும் வளைந்து வளைந்து. வருஷத்தில் பாதி பனி பெய்கிற ஊரில் மாடிப்படியை வெளியே கொண்டுபோய் வைத்த மகானுபாவன் யார் என்று வந்த அன்றே கேட்டேன். பாலன் சிரித்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான்.

மழை வருவதற்கு முந்தைய பகலில் பாலனும் நானும் கடைக்குப் போனோம். வானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது, காற்றே இல்லை. எதற்கோ காத்திருக்கிற ஊர்போல எல்லாம் மெதுவாக நடந்தது. தெருமுனைக் கடையை இங்கே டெப்பானர் என்கிறார்கள். அங்கே ஒரு கிழவி கல்லாவில் நின்ற பையனோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். பாலன் எனக்குக் காதோடு மொழிபெயர்த்தார். மெழுகுவர்த்தி தீர்ந்துபோய்விட்டது, பிறந்தநாள் கேக்கில் குத்துகிற குச்சி மெழுகுதான் இருக்கிறது என்கிறான் பையன். அப்படியானால் என் வயது எத்தனையோ அத்தனை கொடு, ராத்திரி முழுக்கப் போதும் என்கிறாள் கிழவி. கடையே சிரித்தது. எனக்கும் அந்தக் கிழவியை மிகவும் பிடித்துப்போயிற்று.

பேட்டரிக்காகப் பஸ் பிடித்துப் பெரிய கடை ஒன்றுக்கும் போய்த் திரும்பி வரும்போது தூறல் தொடங்கிவிட்டது. பார்த்தால் சாதாரண மழைதான். ஆனால் விழுந்த இடத்தில் அப்படியே கண்ணாடியாகிவிடுகிறது. எங்கள் பஸ் ஒரு ஏற்றத்தில் ஏறமாட்டேன் என்று மெல்லப் பக்கவாட்டில் நழுவி, நடைபாதை ஓரமாகப் போய்ச் சாய்ந்து நின்றது. யாரும் கூச்சல் போடவில்லை. டிரைவர் எழுந்து, இன்றைக்கு இதற்கு மேல் இந்த வண்டிக்கு மனசில்லை, மன்னித்து இறங்கிக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னார். எல்லாரும் 'மெர்சி' என்று நன்றி சொல்லி இறங்கினார்கள். நம் ஊராக இருந்தால் கண்டக்டர் சட்டை கிழிந்திருக்கும்.

"பாதத்தை முழுசா வைச்சு, தாரா மாதிரி நடவுங்கோ அண்ணை," என்றார் பாலன். வாத்தை அவர்கள் தாரா என்கிறார்கள். இரண்டு வயதான தாராக்கள் பை நிறைய பேட்டரியோடு செயின்ட்-மிஷேலில் நடந்துபோன காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

வீட்டில் மலர் பாதி வேலையை முடித்திருந்தார். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். சமையலறை வாசலில் கனத்த போர்வைகள் இரண்டு திரைபோல் தொங்கின. கரண்ட் போனதும் மூவரும் அந்த ஒரே அறையில் ஒடுங்கிவிட வேண்டும், ஆட்களின் சூட்டை அங்கேயே பிடித்து வைக்க வேண்டும் என்பது திட்டம். பின்பக்க பால்கனியில் மூடிபோட்ட பெரிய பெட்டியில் இறைச்சி, மீன், பால் பைகள். இங்கே பால்கூடப் பையில்தான் வருகிறது. மூடிமேல் ஒரு செங்கல், அணில் தொல்லைக்கு. பாலன் போய்ப் படிகளில் உப்பைத் தூவிவிட்டு வந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. மின்வெட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவனும் பிறக்கவில்லை என்கிற எண்ணம் எனக்கு. எத்தனை புயல், எத்தனை வெள்ளம், இடுப்பளவு தண்ணீரில் நின்று பீடர் லைன் போட்ட கதை, மந்திரி வீட்டுக்குக் கடைசியில் கரண்ட் கொடுத்த கதை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "கவலையே படாதீங்க சம்பந்தி, நான் இருக்கேன்" என்று வேறு சொன்னேன். பாலன் "ஓம்" என்றார்.

சாயங்காலம் விளக்கு இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு அணைந்தது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஃபிரிட்ஜ், சுவரோரம் ஹீட்டர், எங்கோ ஒரு மோட்டார், எல்லாம் ஒரே மூச்சில் ஓய்ந்தன. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். பாதி திறந்தபோது மலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் போனால் ஜன்னலைத் திறப்பது சென்னைக்காரன் ரத்தத்தில் இருக்கிறது. காற்று வரட்டும் என்று. இங்கே கரண்ட் போனால் போகப் போவது சூடு. அசடு வழிந்தபடி மூடினேன்.

மூடுவதற்குள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். தொலைவில் வானம் பச்சையாக ஒரு தடவை விரிந்து மூடியது. பிறகு நீலமாக. சத்தமே இல்லை. "டிரான்ஸ்ஃபார்மர் போகுது," என்றேன். வாழ்நாள் முழுக்க அந்த வெளிச்சத்தைக் கண்டால் போனைத் தேடி ஓடியவன் நான். அன்றைக்கு, ஐஸ் பூசிய கிளைகள் அத்தனையும் அந்தப் பச்சையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விட்டபோது, பார்த்துக்கொண்டே நிற்கலாம்போல் இருந்தது.

அப்போதுதான் மருந்து நினைவுக்கு வந்தது.

எனக்குச் சர்க்கரை. மாத்திரைக் காலமெல்லாம் தாண்டி ஊசிக்கு வந்து வெகுநாளாகிறது. சாப்பாட்டுக்கு முன் பேனா மாதிரி ஒன்றால் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தங்கியிருக்கும் நாட்களுக்கு வேண்டிய அத்தனை பேனாக்களையும் ஒரு நீல நிறப் பையில் போட்டு, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவன் நான். சென்னை டாக்டர் கண்டிப்பானவர். நாள் கணக்கில் விட்டால் திரும்பி வந்து என்னைப் பார்க்க உங்களால் முடியாது என்று சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

என் மனைவி சரோஜா இருந்தபோது கரண்ட் போனால் முதலில் மருந்தைத்தான் கவனிப்பாள். மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதில் இன்னொரு சின்னச் சட்டி வைத்து, அதற்குள் மருந்தை வைத்து, மேலே நனைத்த துணியைப் போட்டு மூடுவாள். சூடு பட்டால் இன்சுலின் செத்துப்போகும் என்பதுதான் எங்கள் வீட்டு வேதம். அவள் போன பிறகும் நான் அதைக் கைவிடவில்லை. ஆகவே ஃபிரிட்ஜ் ஓய்ந்ததும் இங்கே மண்சட்டிக்கு எங்கே போவது என்று தேடினேன். அடுத்த நொடியே ஞானோதயம். மண்சட்டி எதற்கு? கதவுக்கு வெளியே ஊரே ஃபிரிட்ஜாக இருக்கிறதே! உபயோகத்தில் இருந்த பேனாவையும் சேர்த்து உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, நீலப் பையைப் பால்கனிக் கம்பியில் நூலால் இறுக்கிக் கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பாலன் அதற்குள் ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடியில் துளை போட்டுத் திரி செருகி ஏற்றியிருந்தார். சின்னச் சுடர், ஆனால் அறை முழுக்கத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் வருஷக்கணக்காக இந்த விளக்கில்தான் படித்தோம், பரீட்சை எழுதினோம் என்றார். வருஷக்கணக்காக என்று அவர் சொன்ன விதம், பஸ் லேட்டாக வந்தது என்பதுபோல இருந்தது. நான் விடுவேனா? திரியின் தடிமன், எண்ணெயின் அளவு, காற்றுப் போகும் வழி என்று அவருடைய விளக்கைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தேன். நடுவில் மலர் பிளாஸ்கில் வைத்திருந்த தேநீருக்குப் பால் எடுக்கப் பால்கனிக்குப் போய் வந்தார். எனக்குப் பின்னால் நின்று என்னவோ சொன்னார். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுத் திரியைப் பற்றித் தொடர்ந்தேன். ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே முடித்திருந்தோம், ஊசியும் போட்டாகிவிட்டது. போர்வைக்குள் புகுந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தபோது உலகம் கண்ணாடியாகியிருந்தது. அப்படி ஒரு விடியலை நான் பார்த்ததில்லை. எதிர்ச் சாரியில் இருந்த மேப்பிள் மரம் தரையைத் தொட்டு வளைந்து நின்றது. கம்பிகள் என் மணிக்கட்டுத் தடிமனுக்கு ஐஸ் போர்த்தித் தாழத் தொங்கின. நிறுத்தியிருந்த கார்கள், குப்பைத் தொட்டி, யாரோ மறந்துபோன துடைப்பம், எல்லாவற்றுக்கும் பளிங்கு உறை. காற்று அசைந்தால் தெரு முழுக்க வளையல் சத்தம் கேட்டது. மனுஷ சத்தம் ஒன்றுமில்லை. நான் இன்னும் எழுந்திருக்கவில்லையோ என்று சந்தேகப்படும்படி இருந்தது.

பிறகு என் கண் பால்கனிக் கம்பிக்குப் போனது. நீலப் பை அங்கேயே இருந்தது, ஒரு பெரிய ஐஸ் கட்டிக்குள். கண்ணாடிக்குள் வைத்த பொம்மைபோல ஜிப்பின் பல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மருந்தோடு தருகிற துண்டுத்தாளில் இரண்டு எச்சரிக்கை இருக்கும். சூடு படக்கூடாது. உறையவும் கூடாது, உறைந்தால் உருக்கினாலும் பிரயோசனமில்லை, எறிந்துவிட வேண்டும். முதல் வரியையே வாழ்நாளெல்லாம் பயந்து படித்தவனுக்கு இரண்டாவது வரி இருப்பதே மறந்துபோயிற்று. சென்னையில் எது உறைகிறது?

ஜன்னலை விட்டு விலகி வந்தேன். பயம்தான், வேறென்ன. ஊர் பேர் தெரியாத இடம், கீழே இறங்க வழியில்லாத படி, பாலன் போட்ட உப்பையெல்லாம் முழுங்கிவிட்டு இரண்டு விரற்கடை ஐஸ் அதன்மேல் பளபளக்கிறது. மருந்துக்கடை திறந்திருக்கிறதோ இல்லையோ. கையில் இருப்பது சென்னை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் பாலன் ஒரு வார்த்தை பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு அந்தப் படியில் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனவர். விழுந்தால்? அதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, 'நான் இருக்கேன்' என்று மார்தட்டியவன் மருந்தைக் கொண்டுபோய் ஐஸில் கட்டித் தொங்கவிட்டான் என்று சம்பந்தி வீட்டில் தெரியக்கூடாது என்கிற வறட்டுக் கௌரவம்.

சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும், சாப்பிடாமல் இருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மலர் பால்கனியில் பார்பிக்யூ அடுப்பின் மூடியைச் சுத்தியலால் தட்டித் திறந்து, மேலே குடை பிடித்தபடி வெளியிலேயே ரொட்டி சுட்டு எடுத்துவந்தார். உள்ளே கொண்டுவந்தால் அதன் புகை ஆளையே முடித்துவிடும் என்று வானொலிக்காரி சொல்லியிருக்கிறாள். சூடான தேங்காய் ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல். எனக்கு விரதம் என்றேன்.

"இண்டைக்கு என்ன விரதம் அண்ணை? கலண்டர்லை ஒண்டும் இல்லையே," என்றார் மலர்.

தமிழ்க் கடை கலண்டர் சுவரில் தொங்குகிறது, பொய் சொல்லவும் வழியில்லை. என் மனைவிக்காக எடுத்துக்கொண்ட ஒரு வேண்டுதல், தை மாதத்தில் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனவளைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்தேன், வேறென்ன சொல்வது. மலர் முகம் அப்படியே கனிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, "விரதத்துக்கு ஊசி தேவையில்லையோ அண்ணை?" என்று கேட்டார்.

"சாப்பிடாதவனுக்கு எதுக்கும்மா ஊசி?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

விளைவு, வீடே சைவமாகிவிட்டது. விரதக்காரர் ஒருவர் இருக்கும்போது மச்சம் சமைக்கக்கூடாதாம். பாலன் முதல் நாளே கனவு கண்டுகொண்டிருந்த ஆட்டிறைச்சி மறுபடி பெட்டிக்குள் போனது.  பெட்டி மூடியில் அவர் செங்கல்லை வைத்த சத்தத்தில் ஒரு செய்தி இருந்தது.

பகல் மெல்ல நகர்ந்தது. கீழ்வீட்டில் எலுவாஸ் என்று ஹெய்ட்டி நாட்டு அம்மா ஒருத்தி, தனியாக இருக்கிறாள். துடைப்பக் கட்டையால் எங்கள் தரையை இடித்தாள். மலர் பால்கனிக்குப் போய், பழைய சேலை ஒன்றில் வாளியைக் கட்டி இறக்கினார். ரொட்டி போனது, அவளுடைய காஸ் அடுப்பில் வைத்த பூசணிக்காய் சூப் வந்தது. இருவரும் மேலும் கீழுமாக நின்று பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். இந்த மரங்களைப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளையைத்தான் காணோம் என்கிறாளாம். சூப்பின் மணம் போர்வைத் திரையைத் தாண்டி வந்து என்னைப் படுத்தியது. ஆட்டு எலும்பு போட்ட சூப் என்று மலர் அதையும் தொடவில்லை. பாலன் மட்டும் வாசலுக்கு அப்பால் குளிரில் நின்று ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்தார்.

அவர்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஒரு கரண்டியோடு பால்கனிக்குப் போனேன். கட்டியை உடைத்தால் நடுவில் ஒரு பேனாவாவது உறையாமல் இருக்காதா என்கிற நப்பாசை. இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவதில் கால் வழுக்கி, கம்பியை அணைத்தபடி முழங்காலில் விழுந்தேன். முகத்துக்கு நேரே அந்த நீலம். கரண்டி கைநழுவி, கீழே தெருவில் மணியடித்துக்கொண்டே உருண்டு போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அங்கே பார்க்க யாருமில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் மங்கல். குளிர் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. தாகம், தாகம். தண்ணீர் குடிப்பதும் குளியலறைக்கு ஓடுவதுமாக இருந்தேன். சாப்பிடாமல் இருந்தும் சர்க்கரை பார்க்கும் கருவியில் எண் ஏறிக்கொண்டேதான் போனது. கண் முன்னால் ஜாம் போத்தல் சுடர் இரண்டாகி ஒன்றாகியது. வெளியே வளையல் சத்தம். சரோஜா அடுத்த அறையில் பீரோவைத் திறந்து மூடுகிறாள் என்று தோன்றியது, அது இயல்பாகவும் இருந்தது. கண்ணாடி மரங்களுக்கு நடுவே என் பழைய லைன்மேன்கள் ஏணி தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஐயா, சப்ளை கொடுத்திடலாமா என்று ஒருவன் கேட்டான். கொடு கொடு என்றேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், பாலன் என்னை உலுக்கினார். முகம் சரியில்லை, போனும் செத்துக் கிடக்குது, நான் கீழே போய் ஆரையேன் கூட்டிக்கொண்டு வாறன் என்று ஷூவைக் கையில் எடுத்துவிட்டார். விரதக் களைப்புதான், படியில் இறங்கினால் நான் உங்களோடு பேசவே மாட்டேன் என்று சத்தம் போட்டு உட்கார வைத்தேன். அந்தச் சத்தத்துக்கே எனக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை வெயில் வந்தது. எத்தனை வெயில் பார்த்தவன் நான், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தெரு முழுக்கப் பற்றிக்கொண்டு எரிந்தது, சூடில்லாத தீ. கொஞ்ச நேரத்தில் கிளைகளிலிருந்து ஐஸ் உடைந்து உடைந்து விழ ஆரம்பித்தது. கூரையிலிருந்து முழம் முழமாகக் கண்ணாடிக் குழாய்கள் இறங்கி நொறுங்கின. கரண்ட் இன்னும் வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கம்பியில் கட்டி தளர்ந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன், ஓடுபோலப் பிளந்து விழுந்தது. சொட்டச் சொட்டப் பையை எடுத்து உள்ளே கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை.

கவிழ்த்து உதறினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உறைந்துபோயிருந்தால்கூட அது ஒரு பதில். இல்லாமலே போனதற்கு என்ன அர்த்தம்? மூளை குழம்பிவிட்டதோ, நான் வைக்கவே இல்லையோ என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலர் அப்போதுதான் சமையல் மேடைப் பக்கமிருந்து திரும்பினார்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"மருந்து," என்றேன். "என் மருந்து சம்பந்தியம்மா. எல்லாம் இதுலதான் வச்சேன்."

"அது என்னட்டையெல்லோ கிடக்கு," என்றார் மலர், ஆச்சரியமாக. கம்பளிச் சட்டைக்குமேல் போட்டிருந்த கோட்டின் உள்பையில் கைவிட்டார். ஒரு கைக்குட்டையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். என் பேனாக்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. "அண்டைக்குப் பின்னேரம் பால் எடுக்கப் போகேக்கை கண்டனான். உறைஞ்சிடும் எண்டு, முடிச்சு அவிழேல்லை, மருந்தை மட்டும் எடுத்து வைச்சிட்டு உங்களிட்டைச் சொன்னனான். நீங்கள் சரி சரி எண்டனீங்கள்."

திரியைப் பற்றி நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத மனுஷி, சொல்லியிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விரதமும் இல்லை வேண்டுதலும் இல்லை, பையை ஐஸில் பார்த்துவிட்டுப் பயத்தில் சொன்ன பொய் என்று அங்கேயே சொன்னேன். சரோஜா பெயரை இழுத்ததையும் சொன்னேன். பாலன் பால்கனியில் இருந்த இறைச்சிப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். மலர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஊசி வேண்டாமோ எண்டு கேட்டனான் அண்ணை," என்றார். "உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா நான் ஆரணியின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

 அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, தணிந்த குரலில் பேசினார். அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரை. யுத்தத்தில் ஊரைவிட்டு எல்லாரும் ஒரே ரோட்டில் நடந்த நாட்களில் அப்பாவின் மருந்துக் குப்பியை இவர்தான் ஈரத் துணியில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். இவருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. வழியில் துணி காய்ந்துவிட்டது. தண்ணீர் இருந்தது கொஞ்சம், அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதே மருந்தைத்தான் போட்டார்கள்.

"சூட்டிலை பழுதாப் போச்சு," என்றார் மலர். "அது பழுதெண்டு எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒரு கிழமைதான் இருந்தவர்."

வெளியே ஐஸ் விழுந்து நொறுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக இந்தப் பெண்மணி படுக்கும்போதும் எழும்போதும், வெளியே குடை பிடித்து ரொட்டி சுடும்போதும், என் உயிரைத் தன் நெஞ்சோரம் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். நான் இந்தப் பக்கம் சாவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் நடுவே மேசை அகலம்தான் இருந்தது.

"நான் போட்டுவிடட்டே?" என்று கேட்டார். "அப்பாவுக்கு நான்தான் போடுறனான்."

சரோஜாவைக்கூட ஊசி போட நான் விட்டதில்லை. எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். அவர் பேனாவின் முனையைத் திருப்பி, வெளிச்சத்தில் ஒரு தரம் சரிபார்த்து, மேல்கையில் மெல்லக் குத்தினார். ஊசி இறங்கியதே தெரியவில்லை. மருந்து வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டியிலிருந்து ஆட்டிறைச்சியை எடுத்துவரும்படி பாலனிடம் சொன்னார். பாலன் "ஓம்" என்றார்.